காணும் பொங்கல் விழாவில் பங்கு இளைஞர்கள்: செட்டிநாட்டு ஊர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

மதுரைப் பக்கத்துப் பங்கு (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்க மக்கள்) ஒன்றிலிருந்து இளைஞர் இயக்கத்தார் 24 பேரும் பெரியவர்கள் 4 பேரும் காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊருக்குப் போகிறார்கள். காணும் பொங்கலன்று அந்த ஊர்ப் பொட்டலில் நடக்கும் பொது விழாவுக்குக் கைகொடுப்பதுதான் பயணத்தின் நோக்கம். காலையில் கோலப்போட்டி, பிற்பகல் 3 மணியிலிருந்து இரவு 9 வரை விளையாட்டு, தின்பண்டக் கடைகள், பரிசளிப்பு. வரவு 1,200 பேர். வசூல் ஊருணி தூர்வாரும் செலவுக்கு.

ஒரே ஊரில் ஒரே ஆண்டில் நடந்த கதையாக இதைப் படிக்க வேண்டாம். இந்த மாதிரி விழாக்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே நாளுக்குள் அடுக்கி, கணக்குப் போட்டுப் பார்க்கும் மாதிரி இது. அதனால்தான் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் இல்லை.

பயணத்தை எந்த நாளில் வைப்பது

முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான். காணும் பொங்கலன்று விடியற்காலையில் புறப்பட்டால் 9 மணிக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடுவார்கள். மற்ற நாளில் சரிதான். தை 3 அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று காரைக்குடிக்கு வரும் பாதையில்தான் சிராவயல் இருக்கிறது. அன்று அந்தச் சாலையில் டிராக்டரும் வேனும் மாடு ஏற்றிய வண்டியும் நடந்து வரும் கூட்டமுமாக இருக்கும். சுற்றுவட்டாரக் காவலர்களில் பெரும்பகுதியும் அங்கேதான். வேன் சிக்கிக்கொண்டால் கோலப்போட்டி போச்சு. விழாப் பொட்டலுக்குக் கேட்ட இரண்டு காவலர்களும் வருவார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே மாட்டுப் பொங்கலன்று பிற்பகலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இரவுத் தங்கல் உள்ளூர்ப் பங்கு மண்டபத்திலோ பள்ளியிலோ. பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, உடன் ஒரு அருட்சகோதரியோ இளைஞர் இயக்கப் பெண் பொறுப்பாளரோ. 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும், அதில் ஒவ்வாமை, மருந்து, இரத்த வகை, இரண்டு கைபேசி எண்களும் இருக்க வேண்டும். மார்கழி முடிந்தும் பனி விடாத காலம், ஆளுக்கொரு போர்வை சொல்லி வைக்க வேண்டும்.

சிலர் இந்தப் பயணத்தோடு ஓரியூரையும் சேர்த்துக்கொள்வார்கள். 1693இல் கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) உயிர்நீத்த இடம், தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போகலாம். விழா நாளன்றே அதையும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால், மாலை 5 மணிக்கு டோக்கன் மேசையில் உட்கார வேண்டிய பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். மறுநாள் போங்கள்.

யாருக்கு எந்த வேலை

வெளியூர் இளைஞர்கள் வந்தால் ஊரார் மரியாதைக்காக மைக்கைக் கையில் கொடுப்பார்கள். வாங்கக் கூடாது. அந்த ஊரில் இருபது ஆண்டாக அறிவிப்புச் செய்கிறவர் ஒருவர் இருப்பார். யார் வீட்டுப் பிள்ளை, யார் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார், எந்தப் பெரியவர் பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் கையிலிருந்து மைக் போனால் முணுமுணுப்பு தொடங்கும். முணுமுணுப்பு வந்த பிறகு நாற்காலி நகர்த்தக்கூட உள்ளூர்க்கை நீளாது. வழுக்குமரமும் அப்படித்தான். ஏறத் தெரிந்த உள்ளூர் இளவட்டங்களுக்கு உரியது, விருந்தாளிகள் கை வைக்கக் கூடாத இடம்.

ஊரார் செய்ய ஆளில்லாமல் தவிக்கும் வேலைகள் வேறு: வரிசை, டோக்கன், தண்ணீர், குப்பை, காணாமற்போன பிள்ளைகள், ஊருணிக் காவல். வெளியூர்க்கூட்டம் இவற்றைத்தான் எடுக்க வேண்டும். 24 பேருக்கான பிரிவு இப்படி அமைகிறது: டோக்கனுக்கு 4, வரிசை ஒழுங்குக்கு 2, பணியாரக் கடைக்கு 4, தண்ணீருக்கும் குப்பைக்கும் 4, விளையாட்டுக்கு 5, ஊருணிக்கு 2, பிள்ளைகள் மேசைக்கு 2, எங்கே ஆள் குறைந்தாலும் போய் நிற்க 1. இந்தக் கடைசி ஆள் வேலையில்லாமல் சுற்றுவதுபோலத் தெரிவார். அவரை வேறெதிலும் போட்டுவிடாதீர்கள். கழிப்பறைக்குப் போகிறவர், மயங்கி உட்காருகிறவர், சில்லறை வாங்க ஓட வேண்டியவர் எல்லோருக்கும் மாற்று அவர்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும். ஊருணிக்கு மட்டும் ஒரு மணி நேரம் போதும், காரணம் கீழே.

இன்னொன்றையும் வேனில் ஏறுமுன்பே சொல்லிவிட வேண்டும். இது ஊர்விழா. எல்லாச் சமயத்தாரும் வருவார்கள். துண்டுப்பிரசுரம் கூடாது, வசனம் அச்சிட்ட பனியன் கூடாது, ஜெபத்தை மண்டபத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். பங்குகளில் பொங்கல் பானை வைப்பது பழகிப்போன ஒன்று என்பதால் பிள்ளைகளுக்கு விழா புதிதாக இருக்காது. பக்கத்துக் கோவிலில் மாலைப் பூசை நடக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டு, அந்தக் கால் மணி நேரம் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டால் ஊரில் நல்ல பெயர். பொட்டலில் சைவத் தின்பண்டம் மட்டும்.

கோலப்போட்டி

சீக்கிரம் சொல்லிவிடலாம். 30 பேருக்கு 4 அடிக்கு 4 அடிக் கட்டம், நடுவே 2 அடி நடைபாதை. ஆறு வரிசைக்கு ஐந்து என்று அடுக்கினால் 34 அடிக்கு 28 அடி இடம் வேண்டும். செம்மண் பொட்டல் என்பதால் முதல் நாள் மாலையே சாணம் தெளித்து, காலை 6 மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். 7 மணிக்குத் தொடங்கினால் 8 மணிக்கு முடியும், வெயில் ஏறுமுன் நடுவர்கள் பார்த்துவிடலாம்.

நகரத்தார் வீட்டு ஆச்சிமார் சிலர் நடுவீட்டுக் கோலம் போடக் கேட்பார்கள். அது அரைத்த பச்சரிசி மாவில் துணியை நனைத்து விரலால் இழுப்பது, மண்ணில் நிற்காது. பக்கத்துத் திண்ணையிலோ சிமெண்டுத் தளத்திலோ தனி இடம் ஒதுக்குங்கள். பொடிக் கோலத்தோடு அதை ஒரே பரிசுக்குப் போட்டியிட வைத்தால் இரண்டு தரப்புக்கும் மனத்தாங்கல்.

டோக்கன் மேசை

விழா நாறுவதும் நிலைப்பதும் மாலை 5.30 முதல் 6.30 வரையான ஒரு மணி நேரத்தில்தான். வெயில் தாழ்ந்ததும் எல்லா வீடும் ஒன்றாகக் கிளம்பும். 1,200 பேரைக் குடும்பக் கணக்கில் 300 என்று வைத்தால், அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் 200 குடும்பங்கள் வந்து சேரும்.

இரண்டு மேசை போட்டிருக்கிறார்கள். ரொக்கம் கொடுத்து டோக்கன் வாங்க ஒரு குடும்பத்துக்கு 20 விநாடி. கைபேசியில் ஸ்கேன் செய்து, தொகை அடித்து, கடவு எண் போட்டு, "வந்துருச்சா?" என்று கேட்டுக் காத்திருக்க 40 விநாடி. அதன் மேல் "பணியாரத்துக்கு எத்தனை, ராட்டினத்துக்கு எத்தனை?" என்று கேட்டுக் கணக்குப் போடுவதைச் சேர்த்தால் ஒரு நிமிடம். அப்படியானால் இரண்டு மேசையும் சேர்ந்து மணிக்கு 120 குடும்பம். 6.30 ஆகும்போது 80 குடும்பம் வரிசையிலேயே நிற்கும். விழாவைப் பார்க்காமல் திரும்பிப் போகிறவர்கள் இவர்கள்தான். இதோடு, ஒரே கோபுரத்தின் கீழ் ஆயிரம் கைபேசிகள் கூடும்போது சிக்னலும் தள்ளாடும்.

சரிசெய்யும் வழிகள் எளியவை. விலைப்பலகையை மேசைக்குப் பின்னால் மாட்டக் கூடாது, வரிசை தொடங்கும் இடத்திலேயே, மேசைக்குப் பத்தடி முன்னால் நிறுத்த வேண்டும். மேசையை அடையுமுன் அப்பா முடிவு செய்திருப்பார். 10 ரூபாய் டோக்கன் பத்தைச் சேர்த்து 100 ரூபாய்ப் பட்டையாக முன்கூட்டியே வெட்டி வைக்க வேண்டும். ஒரு மேசை ரொக்கத்துக்கு மட்டும், அதில் 10 ரூபாய் நாணயமும் நோட்டுமாக 2,000 ரூபாய்ச் சில்லறை காலையிலேயே இருக்க வேண்டும். விடுமுறை நாளில் வங்கியில் சில்லறை கிடைக்காது, பொங்கலுக்கு முந்தின வாரமே மாற்றிக்கொள்ளுங்கள். 5.15 முதல் 6.45 வரை மூன்றாவது மேசை ஒன்று. பட்டைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வரிசையின் வால்பகுதியில் நடந்து விற்க ஒருவர்.

ஸ்கேன் அட்டை விழாக்குழுக் கணக்கின் அட்டையாக இருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு தம்பியின் சொந்த எண்ணை ஒட்டி, இரவு அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறேன் என்று தொடங்கும் இடத்தில் நட்பே முறியும்.

டோக்கன் நிறம் பற்றி ஒரு சச்சரவு எப்போதும் உண்டு. கடைக்கொரு நிறம் அழகாகத் தெரியும். 8.30 மணிக்குப் பச்சை டோக்கன் ஆறு மிச்சம், பச்சைக் கடை மூடிவிட்டது, பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒருவர் நிற்பார். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் போதும். ஒவ்வொரு கடையிலும் மூடிபோட்ட தகரத்தில் துளை வைத்து டோக்கனைப் போடச் சொன்னால், இரவு தகரத்தை எண்ணினால் கடைவாரி விற்பனை தெரிந்துவிடும். பின்பக்கம் விழாக்குழு முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கட்டும். முத்திரையில்லாத டோக்கனை ஜெராக்ஸ் கடையில் ஐந்து நிமிடத்தில் பெருக்கிவிடலாம்.

பணியாரக் கடை

செட்டிநாட்டில் விழா என்றால் பணியாரம் இல்லாமல் ஆகாது. எந்தப் பணியாரம் என்பதில்தான் சூட்சுமம். வெள்ளைப் பணியாரம் வைக்கலாமே என்று ஒருவர் சொல்வார். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து, ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, புளிக்குமுன் எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுப்பது அது. மாவு நேரம் கடந்தால் எண்ணெய் குடிக்கும். வரிசையில் ஐம்பது பேர் நிற்கும் கடைக்கு ஒத்துவராது. குழிப்பணியாரம்தான் சரி.

கணக்கு: ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. இதில் ஏறக்குறைய 100 பணியாரம் வரும். தட்டுக்கு 4 என்றால் 25 தட்டு. 250 தட்டுக்கு 10 கிலோ அரிசி, 2.5 கிலோ உளுந்து. தை மாதக் குளிரில் மாவு மெதுவாகத்தான் பொங்கும். மார்ச்சில் ஆறேழு மணி நேரத்தில் எழும் மாவுக்கு இப்போது 12 மணி நேரமாவது விட வேண்டும். மாட்டுப் பொங்கல் இரவு அரைத்து அடுப்படியிலேயே வைத்தால் பிற்பகல் 3 மணிக்குச் சரியாக இருக்கும்.

மாவை எல்லோரும் கணக்கிடுவார்கள், கல்லை யாரும் கணக்கிடுவதில்லை. 12 குழிக் கல்லில் ஒரு ஈடு எடுக்க 5 நிமிடம். மணிக்கு 144 பணியாரம், அதாவது 36 தட்டு. ஒரே கல்லை வைத்துக்கொண்டு 250 தட்டு போட ஏழு மணி நேரம் ஆகும், விழாவே ஆறு மணி நேரம்தான். மூன்று கல் இருந்தால் மணிக்கு 108 தட்டு, இரண்டு மணி இருபது நிமிடத்தில் முடியும். புதுக்கல் கொண்டுவராதீர்கள். பழகாத கல்லில் முதல் நாலு ஈடும் ஒட்டிப் பிய்ந்து வரும். ஊரிலேயே எண்ணெய் குடித்துக் கருத்த கல் வீட்டுக்கு வீடு இருக்கும், இரவல் வாங்கி அடியில் பெயின்டால் வீட்டு அடையாளம் போட்டுக்கொண்டால் போதும்.

கல்லின் முன் நிற்க வேண்டியவர்கள் ஊரின் மகளிர் குழுவினர். இளைஞர்கள் நால்வரின் வேலை தட்டு வைப்பது, டோக்கன் வாங்குவது, சட்னி ஊற்றுவது, மாவும் எண்ணெயும் குறைந்தால் கொண்டுவந்து வைப்பது. "நான் ஒரு ஈடு போட்டுப் பார்க்கிறேன் ஆச்சி" என்று குச்சியை வாங்குகிற தம்பியால் பன்னிரண்டும் கருகும், வரிசை பத்துப் பேர் நீளும். டோக்கனைத் தொடும் கை தட்டைத் தொடக் கூடாது. இருவர் காசுப்பக்கம், இருவர் தட்டுப்பக்கம்.

தேங்காய்ச் சட்னியை மதியம் அரைத்தால் இரவுக்குள் நுரைத்துப் புளிக்கும். வரமிளகாய், பூண்டு, புளி சேர்த்து நல்லெண்ணெயில் வதக்கி அரைத்த காரச் சட்னி தாங்கும். குழந்தைகளுக்கு வெல்லப் பணியாரம் ஒரு கல்லில்.

எரிவாயு உருளையைப் பந்தலுக்கு வெளியே நிமிர்த்தி வைத்துக் குழாயை மிதிபடாத பக்கமாக இழுக்க வேண்டும். வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிவப்பு உருளையை விற்பனைக் கடையில் வைக்க அனுமதியில்லை, 19 கிலோ வணிக உருளையைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் இரண்டு வாளி மணலும் ஈரச்சாக்கும்.

தட்டு பாக்கு மட்டை, இனிப்புக்குத் தொன்னை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, தண்ணீர்ப் பொட்டலம், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை எல்லாம் தடை. தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர்தான். ஆளுக்கு இரண்டு டம்ளர், டம்ளருக்கு 200 மில்லி என்றால் 1,200 பேருக்கு 480 லிட்டர், 20 லிட்டர்க் கேன் 24. பந்தலுக்கு நான்கு பக்கமும் ஆறு ஆறாகப் பிரித்து வைக்காமல் ஒரே மூலையில் அடுக்கினால் அங்கேயே சேறாகும்.

ஊருணி

பொட்டலுக்குப் பக்கத்தில் ஊருணி இல்லாத செட்டிநாட்டு ஊர் அரிது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தையில் படித்துறை வரை தண்ணீர் நிற்கும். பாசி படிந்த படியில் கைகழுவ இறங்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வழுக்கல் போதும், பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. இந்த விழாவில் உயிர் போகும் வாய்ப்புள்ள இடம் இது ஒன்றுதான் என்று வைத்துத் திட்டமிட வேண்டும்.

திறந்திருக்கும் படித்துறைக்கு இடுப்புயரத்தில் வண்ணத்துணி கட்டிய கயிறு, நீச்சல் தெரிந்த இருவர், காற்றடித்த லாரி டியூப் ஒன்று, 50 அடிக் கயிறு ஒன்று. கைகழுவும் தொட்டியைப் பொட்டலின் எதிர்ப்பக்கம் வைத்துவிட்டால் ஊருணிப் பக்கம் போகும் காரணமே பாதி குறையும். காவலுக்கு நிற்கிறவர் தண்ணீரைப் பார்க்க வேண்டும், விழாவைப் பார்க்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் அப்படிப் பார்க்க முடியாது, கண் தானாகப் பந்தல் பக்கம் திரும்பும். அதனால்தான் மணிக்கொரு மாற்று. தை நடுவில் இங்கே 6.15க்குள் பொழுது சாயும். 6 மணிக்கே அந்தப் பக்கம் ஒரு விளக்கு எரிய வேண்டும். காவலுக்கு நிற்கிறவர் தன் கைபேசியைப் பையில் போட்டுவிட வேண்டும்.

விளையாட்டுகள்

உறியடிக்கு மூன்றரை அடிக் கழி. பானைக்கு நேர்கீழிருந்து 15 அடி ஆரத்தில் வட்டம். கண்கட்டியவர் திசைமாறிச் சுழற்றும்போது முன்வரிசைச் சிறுவன் மண்டையில்தான் விழும், ஆகவே வட்டத்துக்குக் கயிறும் இரண்டு ஆளும் அவசியம். ஆளுக்கு மூன்று வீச்சு, ஒரு நிமிடம். கயிறு இழுக்கிறவர் குறும்புக்காகப் பானையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொண்டே இருந்தால் கூட்டம் கலையும், கழிக்கு எட்டும்படி ஒருமுறையாவது இறக்க வேண்டும். வட்டத்துக்குள் இரண்டு அங்குலம் மணல் கொட்டி, ஒவ்வொரு பானை உடைந்ததும் ஓடுகளைப் பொறுக்கிச் சல்லடையால் ஒரு சலிப்பு. இங்கே பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள்.

கயிறு இழுப்பதில் கையில் சுற்றிக்கொண்டு இழுக்க விடக் கூடாது, விரல் எலும்பு போகும். நைலான் கயிறு அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். பருமனான பருத்திக் கயிறு அல்லது மணிலாக் கயிறு. சாக்கு ஓட்டமும் எலுமிச்சைக் கரண்டியும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எரிவாயு நிரப்பிய பலூன் விற்கிறவரை உள்ளே விடாதீர்கள். அவர்கள் உருளையில் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் இருக்கும், பக்கத்திலேயே மூன்று அடுப்பு எரிகிறது. கைப்பம்பால் காற்றடித்த பலூன் போதும்.

விளக்கும் ஒலியும்

ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. 9 மணிக்கே நிறுத்தினால் பரிசளிப்பு இழுத்தாலும் வம்பில்லை. ஜெனரேட்டரிலிருந்து விளக்குக்கு ஒரு வழி, ஒலிக்கு ஒரு வழி, கடைகளுக்கு ஒரு வழி என்று பிரித்துவிட வேண்டும். ஜூஸ்கடைக்காரர் மிக்ஸியை விளக்கு வழியில் செருகும் நொடியில் பொட்டல் இருளும், ஊருணிப் பக்கமும்தான்.

காணாமற்போன பிள்ளை

மேசை நுழைவாயிலருகே, விளக்கடியில், ஒரு பெண்ணும் ஒரு ஆணும். உள்ளே வரும் சிறு பிள்ளைகளின் கையில் காகிதப் பட்டை கட்டி, பெற்றோர் எண்ணை அழியாத மையில் எழுத வேண்டும். சாதாரணப் பேனா வியர்வையில் கரையும்.

பிள்ளை மேசைக்கு வந்தால் மைக்கில் பிள்ளையின் பெயரையும் சட்டை நிறத்தையும் சொல்லக் கூடாது. "பிள்ளையைத் தேடுகிறவர்கள் நுழைவாயில் மேசைக்கு வாங்க" என்று மட்டும். வந்தவரிடம் பெயர், வயது, உடை, உடன் வந்தவர் யார் என்று நாம்தான் கேட்க வேண்டும். பிள்ளை அழாமல் நிற்கிறது என்பதற்காக ஒப்படைக்கக் கூடாது. கைபேசி எண்ணும் கையெழுத்தும் வாங்கிய பிறகே. அரை மணி நேரத்தில் யாரும் வராவிட்டால் 112க்கும் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லிவிட வேண்டும். மருத்துவ அவசரத்துக்கு 108. ஆம்புலன்ஸ் உள்ளே வரும் வழியில் இருசக்கர வண்டி நிறுத்தாமல் பார்ப்பதும் வரிசைப் பிரிவின் வேலை.

இரவு 9க்குப் பிறகு

தகரங்களை எண்ணி, விற்ற பட்டையின் வரிசை எண்ணோடு ஒத்துப்பார்த்து, விழாக்குழுவில் இருவரும் பயணக்குழுவில் இருவரும் கையெழுத்திட்ட ஒரே தாளில் கணக்கை ஒப்படைக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரமாகப் பேசப்படும். இரவல் கல், டம்ளர், மேசை எல்லாம் அடையாளம் பார்த்து அந்தந்த வீட்டுக்கு.

குப்பையில் பாக்கு மட்டையும் தொன்னையும் உரக்குழிக்கு. உண்மையான வேலை அதற்குப் பிறகு: பலூன் துணுக்கு, ரப்பர் பேண்ட், மாலை கட்டிய நூல், உறியடி ஓடு. பத்துப் பேர் கைநீள இடைவெளியில் வரிசையாக நின்று, கைவிளக்கைத் தாழப் பிடித்து, பொட்டலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பொறுக்க வேண்டும். ஒருமுறை கிழக்கு மேற்காக, ஒருமுறை வடக்கு தெற்காக. செம்மண்ணில் ஓட்டுச்சில் கண்ணுக்குத் தெரியாது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் நிழல் காட்டிக்கொடுக்கும். காலை 6 மணிக்கு, கொம்பில் பொங்கல் வண்ணம் இன்னும் மங்காத மாடுகள் மேய்ச்சலுக்கு இந்தப் பொட்டலுக்குத்தான் வரும்.